மூணே கால்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மனசு சங்கடப்படும். என் வாழ்நாளில் நூல் பிடித்தாற்போல் நேராக நான் அறுத்தது ஒரே ஒரு பொருளைத்தான். அது என் வேட்டி. அறுக்க உட்கார்ந்தது என்னவோ பலகையைத்தான். பலகை கோணிக்கொண்டு தன் வழியே போய்விட்டது. அதன்மேல் புரண்டு கிடந்த வேட்டித் தலைப்பு மட்டும், ஜவுளிக்கடைக்காரர் முழம் போட்டுக் கிழித்த மாதிரி அத்தனை ஒழுங்காக இரண்டாயிற்று. என் மனைவி அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மரமெல்லாம் எதுக்குங்க, நீங்க துணியே அறுங்க" என்றாள்.

எனக்கும் மரத்துக்கும் பரம்பரையாக ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆம்பூரில் ஒரு டேனரியில் எனக்கு வேலை. பதனிட்ட தோலைப் பேல் பேலாகக் கட்டி மதராசுக்கு ரயிலில் அனுப்புவார்கள். அங்கிருந்து அது கப்பல் ஏறும். அந்தப் பேல்களின்மேல் எழுத்து வெட்டிய தகரத்தகட்டை வைத்து, மையைத் தோய்த்து ஒரு தடவு தடவி, முத்திரை பதிப்பதுதான் என் உத்தியோகம். என் சொந்தக் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஆனால் தகட்டை வைத்துத் தடவினால் ஒவ்வொரு எழுத்தும் அரசாங்கக் கட்டடத்துத் தூண் மாதிரி எழுந்து நிற்கும். பல வருஷம் இப்படித் தடவித் தடவி எனக்குள் ஒரு விபரீத நம்பிக்கை வளர்ந்துவிட்டது. சரியான அச்சு ஒன்று கையில் இருந்தால் போதும், திறமை என்ற ஒன்றே மனுஷனுக்குத் தேவையில்லை என்று.

இந்த நம்பிக்கையோடுதான் ஒருநாள் வாணியம்பாடி சந்தைக்குப் போனேன். பழைய இரும்பு விற்கிறவரிடம் சாப்பாட்டுத் தட்டு அளவில், சுற்றிலும் பல் வைத்த வட்ட ரம்பம் ஒன்று கிடந்தது. எங்கோ மரம் அறுக்கும் மில்லில் இருந்து வந்தது என்றார். எதற்கு வாங்குகிறேன் என்று தெரியாமலே வாங்கினேன். கோணியில் சுற்றி ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். பல் கோணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர் மரியாதையாக எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார். வீட்டில் பிரித்துக் காட்டினேன். மனைவி அதைத் தொடவில்லை. இதில் சோறு போட்டுத் தின்றால் கை அறுபடுமே என்று மட்டும் கவலைப்பட்டாள்.

ரம்பம் தானாகச் சுற்றாது என்பது வாங்கின பிறகு எனக்கு உறைத்தது. நல்லவேளையாக எங்கள் டேனரியில் கத்தி சாணை பிடிக்கிற பழைய சக்கரம் ஒன்று, தோல் பதனிடுகிற மரப்பட்டையை அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. காலால் மிதித்துச் சுற்றுவது. கட்டைவண்டிச் சக்கரத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. முதலாளியிடம் கேட்டேன். எடுத்துப்போனால் இடமாவது மிஞ்சும் என்றார். தெருவில் அதை உருட்டிக்கொண்டு வந்தபோது பின்னால் ஒரு கூட்டமே வந்தது. தேர் என்று நினைத்தார்களோ என்னவோ.

எங்கள் வீட்டின் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டுக் கால் கொடுத்தேன். நடுவில் நீளமாக ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாக ரம்பம் பாதி தலை நீட்டும். மீதி கதவுக்குக் கீழே இருக்கும். சாணைச் சக்கரத்திலிருந்து ரம்பத்தின் அச்சாணிக்கு ஒரு தோல் பட்டை. பட்டை மட்டும் அசல் சரக்கு, எங்கள் டேனரி மாட்டுத்தோல். மழைக்காலத்தில் அது நீண்டு தொங்கும், கோடையில் விறைத்துக்கொள்ளும் என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இனி ஒன்றுதான் பாக்கி. என் இரண்டு கையும் பலகையைப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தை யார் மிதிப்பது?

மனைவி சக்கரத்தைக் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள். அப்புறம், மிதிக்கிறேன், ஆனால் முதலில் செய்கிற சாமான் என்னுடையதாக இருக்க வேண்டும் என்றாள். அவளுடைய சீர்ப் பாத்திரமெல்லாம் கல்யாணமான நாள் முதல் சமையலறைத் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தது. அடியில் இருக்கிற குண்டானை எடுக்க மேலே இருக்கிற எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும். அதற்கு நாலு கால் வைத்த ஒரு பாத்திர ஸ்டாண்டு. ஏலகிரி அடிவாரத்தில் இருந்த என் மாமனார் இதைக் கேள்விப்பட்டு, நாலு வேங்கைச் சட்டங்களை வண்டியில் போட்டு அனுப்பினார். அத்தனையும் பழுத்த மரம். இழைத்ததும் தேன் நிறத்தில் மின்னியது. அவற்றை அவளே எண்ணெய் தடவித் துடைத்துப் பரண்மேல் வைத்தாள். சட்டத்தை அவள் துடைத்த மாதிரி என் தலையைக்கூடத் துவட்டியதில்லை.

அவள் பின்வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஒரு காலால் மிதிப்பாள். சில நாளிலேயே எனக்கு ஒரு ரகசியம் பிடிபட்டது. ரம்பத்தின் வேகம் மிதிக்கிற காலைப் பொறுத்தது அல்ல, மிதிக்கிறவளுடைய மனநிலையைப் பொறுத்தது. சந்தோஷமாக இருந்தால் சக்கரம் சொகுசாகச் சுற்றும், ரம்பம் மரத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும். கோபம் வந்தால் பலகை வெண்ணெய் மாதிரி வழியும். ஆகவே மாம்பலகை அறுக்கும் நாளில் நான் வாயைத் திறக்க மாட்டேன். பூவரசு என்றால், இன்றைக்குக் குழம்பில் புளி கொஞ்சம் ஜாஸ்தி என்பேன். வேங்கை, கருவேலம் என்றால் அவளுடைய அண்ணன் கல்யாணத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இலை போடத் தாமதமானதை நினைவுபடுத்துவேன். சக்கரம் ரயில் மாதிரி ஓடும்.

கொஞ்ச நாளில் அவளுக்கு இது தெரிந்துபோயிற்று. அதன் பிறகு நான் அவள் பிறந்த வீட்டைப் பற்றி வாயெடுத்தாலே போதும், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னா மரம் இன்னிக்கி?" என்பாள்.

சரி, சாமான் செய்தேனா? அச்சு செய்தேன். பலகை கோணாமல் ஒட்டிப் போக ஒரு கட்டை. சட்டத்தைச் சாய்வாக வெட்ட ஒரு வழுக்குப் பெட்டி. சட்டத்தை அதில் படுக்க வைத்துத் தள்ளினால் எத்தனை கால் வெட்டினாலும் எல்லாவற்றுக்கும் ஒரே சாய்வு, என் முத்திரை எழுத்து மாதிரி. அந்தப் பெட்டியின் சாய்வு சரிதானா என்று பார்க்க இன்னொரு கட்டை. அந்தக் கட்டையை வெட்ட வேறொரு பெட்டி. வேப்பமரத்தடி முழுக்க இவைதான். அச்சுக்கு அச்சு பிள்ளை பெற்றுக்கொண்டே போகிறது, சாமான் ஒன்றையும் காணோமே என்று மனைவி கேட்டாள். அடித்தளம் போடுகிறேன் என்றேன். அப்போதெல்லாம் எனக்கு எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் பாய்க்குக் கஷ்டம் வந்தது.

பாய் எங்கள் டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிறவர். வயதில் எனக்கு மூத்தவர். அவர் என்னைத் தோஸ்த் என்று கூப்பிடுவார். நான் அவரைப் பாய் என்று கூப்பிடுவேன். வடக்கு ஜன்னலுக்குக் கீழே கல்தூண்மேல் பதித்த உயரமான மேஜை ஒன்று உண்டு. அதன் முன்னால் நின்று ஒவ்வொரு தோலாக விரித்து, சாய்ந்து வருகிற வெளிச்சத்தில் பார்த்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று அந்தந்தக் குவியலில் வீசுவார். தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழி ஓரத்தில் ஒருநாள் வழுக்கி விழுந்ததில் அவர் இடுப்பு பிசகிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில், நின்று வேலை செய்தால் அப்புறம் நிற்கவே முடியாமல் போகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதலாளி கெட்டவர் அல்ல. உட்கார்ந்து பிரிக்க முடியுமானால் பிரிக்கட்டும், தரம் மட்டும் தப்பக் கூடாது என்றார். மதராஸ் ஏஜெண்டு அடுத்த சனிக்கிழமை சரக்குப் பார்க்க வருகிறார். அவர் முன்னால் பாய் சரியாகப் பிரித்துக் காட்டினால் வேலை நிற்கும். இல்லாவிட்டால் பேரணாம்பட்டிலிருந்து வேறு ஆளை அழைத்துவர வேண்டியதுதான். பாய்க்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இருந்தார்கள்.

சிக்கல் உயரத்தில்தான் இருந்தது. மேஜை நின்று வேலை செய்கிறவனுக்காகக் கட்டியது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் மேஜை மூக்குக்கு வருகிறது. கண் ரொம்பத் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் வெளிச்சம் தோலில் சரியாக விழாது. சின்னக் கீறலும் உண்ணி கடித்த வடுவும் கண்ணுக்குத் தப்பிவிடும். அவர் ஆசாரியைப் பார்க்கக் கிளம்பினவர்தான். நான்தான் விடவில்லை. வீட்டில் இத்தனை பெரிய பட்டறையை வைத்துக்கொண்டு நீங்கள் ஆசாரியிடம் போனால் நான் தூக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று வழிமறித்தேன்.

எங்கள் டேனரிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. தொழுகை முடிந்து அளவு சொல்லப் பாய் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது ஒரு முரட்டுக் கருவேலங்கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மனைவியின் அண்ணன் கல்யாணம் பற்றி ஏற்கெனவே பேசியாகிவிட்டது. சக்கரம் பறந்தது, மரம் கீச்சென்று கத்தியது. பாய் கையை வாயருகே குவித்துக் கத்தினார். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

"மூணே கால் போதும், தோஸ்த்."

மூன்றேகால் சாண் உயரம் என்று அவர் சொன்னார். தோலை அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்து பார்த்து, கையால் சாண் போட்டு அளந்து வைத்திருந்த கணக்கு அது. அதில் சாண் என்ற வார்த்தையை மட்டும் கருவேலமரம் தின்றுவிட்டது. எனக்குக் காதில் விழுந்த 'மூணே கால்', மூன்று கால் வைத்தால் போதும் என்கிற மூணே கால்.

"நாலு வெச்சா நல்லா இருக்குமே, பாய்" என்று நானும் கத்தினேன்.

"நாலு வெச்சா ஏணி போட்டுத்தான் ஏறணும். கம்மியும் வேணாம், ஜாஸ்தியும் வேணாம். மூணே கால்."

ஏணி என்றதும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இடுப்பு வலியிலும் மனுஷன் எப்படித் தமாஷ் பேசுகிறார் என்று. அதோடு யோசித்துப் பார்த்தால், அவர் கேட்டது ரொம்ப நியாயமாகப் பட்டது. டேனரித் தரை பாளம் பாளமாகக் கல் பதித்து மேடும் பள்ளமுமாக இருக்கும். நாலு கால் ஆடும். மூன்று கால் எங்கே வைத்தாலும் ஆடாது. நன்றாக யோசித்துக் கேட்கிறீர்கள் பாய் என்றேன். ஒரு வாரமாக இதே யோசனைதான் என்றார் அவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பூரணமாகப் புரிந்துகொண்ட திருப்தியோடு பிரிந்தோம்.

அந்த வாரம் நான் இருந்த இருப்பை இப்போது நினைத்தாலும் சிரிப்பாக இருக்கிறது. டேனரியில் பேலுக்கு மை தடவும்போதுகூட முக்காலி கண்ணில் நின்றது. இன்னொரு பழைய கதவுப் பலகையில் வட்டமாக ஒரு இருக்கை. வட்டம் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லை வைத்துக் கோடு கிழித்தது. வட்டத்தை மூன்று சமபங்காகப் பிரிக்க மனைவியின் வளையலில் நூலைக் கட்டி என்னென்னவோ செய்தேன். பூவரசங்காலை வழுக்குப் பெட்டியில் வைத்துத் தள்ளினேன். மூன்றும் ஒரே சாய்வில், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி வந்து விழுந்தன. உயரம்? அவர்தான் ஒன்றும் சொல்லவில்லையே என்று, உலகத்து முக்காலிகள் எல்லாம் இருக்கிற உயரத்தில் இரண்டு சாணுக்கு வைத்தேன். தோல் சவ்வைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசையைச் சூடாக்கி, இருக்கையில் போட்ட மூன்று துளையிலும் காலை ஒட்டினேன். தெருவே நாறியது. இரண்டு நாள் ஊர் நாய்களெல்லாம் எங்கள் வீட்டைச் சுற்றியே இருந்தன. முதல் முதலாக நான் செய்த சாமான் அது. அதன்மேல் நான் உட்கார்ந்தேன், மனைவியை உட்கார வைத்தேன், நீர்க்குடத்தை உட்கார வைத்தேன். ஆடவில்லை.

"பரவால்ல, நிக்குது" என்றாள் மனைவி. பத்து வருஷத்தில் அவள் எனக்குக் கொடுத்த பெரிய பட்டம் அதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் வந்தார். முக்காலியைப் பழைய புடவையால் மூடி வைத்திருந்தேன். சிலை திறக்கிற மாதிரி புடவையை இழுத்தேன். பாய் அதைச் சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார். ஜோராக இருக்கிறது என்றார். பிறகு, "இது எதுக்கு?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான்."

"எனக்கா? இதுல உக்காந்தா மேஜைக்கு அடியில இல்ல பிரிக்கணும்?"

அவர் குனிய முடியாமல் குனிந்து, கையை விரித்துச் சாண் போட்டார். ஒண்ணு, ரெண்டு, அவ்வளவுதான். மூணே கால் எங்கே என்று கேட்டார். நான் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு காலாகத் தொட்டுக் காட்டினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணே கால்தானே கேட்டீர்கள், ஜாஸ்தி வேண்டாம் என்றீர்களே. அவர் மறுபடியும் சாண் போட்டார். நான் மறுபடியும் கால் எண்ணினேன். அவர் கீழிருந்து மேலாக எண்ணுகிறார், நான் சுற்றிச் சுற்றி எண்ணுகிறேன். வாசற்படியில் இருந்த மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது. முறம் சாய்ந்து அரிசி கொட்டியதுகூடத் தெரியாமல் சிரித்தாள். அப்புறம் எனக்கு விளங்கியது. கடைசியில் பாய்க்கும் விளங்கி, அவரும் சிரித்தார். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சிரிப்பு ஓய்ந்ததும் அங்கே முக்காலி மட்டும் இரண்டு சாண் உயரத்தில் நின்றது. விடிந்தால் சனிக்கிழமை.

"வுடு தோஸ்த்" என்றார் பாய். "நாளைக்கி ஒரு நாள்தானே. நின்னுக்கறேன்."

சொல்லிவிட்டு, கையைத் தொடையில் ஊன்றி நிமிர்ந்தார். பாதியில் நின்றார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க அவர் பட்ட பாட்டை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். ஒரு நாள் முழுக்க அந்த இடுப்பு நிற்காது. நின்றாலும் கண் தோலில் இருக்காது, வலியில்தான் இருக்கும். எனக்கு எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பூவரசு தீர்ந்துவிட்டது. காலைக் குறைக்கத்தான் எனக்குத் தெரியும்; நீட்ட எந்த அச்சிலும் வழி கிடையாது.

மனைவி எழுந்து உள்ளே போனாள். பரணில் ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. நாலு வேங்கைச் சட்டத்தையும் தோளில் சாத்திக்கொண்டு வந்து பாய் முன்னால் போட்டாள்.

"இதுல மூணே கால் சாண் வருமா பாருங்கண்ணா."

பாய் சாண் போட்டார். நாலுக்கு மேலேயே இருந்தது. ஆனால் அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"இது உன் ஸ்டாண்டுது இல்ல, தங்கச்சி?"

"பாத்திரம் தரையில இருந்தா பட்டினியா கெடக்கப்போவுது? நீங்க அளவு சொல்லுங்க."

அப்புறம் பேச நேரம் இருக்கவில்லை. பாய் நிற்கக் கூடாது. ஆகவே உயரம் போதாத அதே முக்காலியில் அவரை உட்கார வைத்து, சட்டத்தின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். அந்த முக்காலி ஒரு வேலைக்காவது ஆயிற்று. வழுக்குப் பெட்டியில் சாய்வு ஏற்கெனவே இருந்தது. சட்டத்தின் நுனியை நிறுத்துகிற அளவுக்கட்டையை மட்டும் மூன்றேகால் சாணுக்கும், சாய்வுக்காகக் கொஞ்சம் ஜாஸ்திக்கும் தள்ளி அடித்தேன். அத்தனை நாள் நான் பெற்றுப் போட்ட அச்சுகளில் ஒன்று அன்றைக்குத்தான் சோறு போட்டது.

ஆனால் அது வேங்கை. பழுத்த, எண்ணெய் குடித்த வேங்கை. ரம்பம் பல்லைப் பதித்ததும் நின்றுவிட்டது. வழக்கப்படி நான் தொண்டையைக் கனைத்தேன்.

"உங்க அண்ணன் கல்யாணத்துல..."

"பேசாம அறுங்க" என்றாள்.

முறம் மடியில் இல்லை. இரண்டு காலையும் மிதிகட்டையில் வைத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. சக்கரம் மெல்ல ஆரம்பித்து வேகம் ஏற ஏற, வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. தோல் பட்டை ஒரே சீராகப் பாடியது. அந்த வேகத்தை அதற்கு முன்னால் எந்தச் சண்டையிலும் நான் கண்டதில்லை. வேங்கைத்தூள் சிவப்பாகக் கொட்டி என் காலை மூடியது. அவள் அப்பா அனுப்பிய மரம், அவள் துடைத்துத் துடைத்து வைத்த மரம், அவள் காலாலேயே துண்டாயிற்று. இத்தனை வருஷம் கழித்தும், எந்தப் பட்டறை வழியாகப் போனாலும், பச்சையாக அறுத்த வேங்கையின் வாசனை வந்தால் நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். பட்டறைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பார். ஒன்றும் இல்லை என்பேன்.

மூன்று கால் ஆனதும் பாயை வாசற்படிக்கு மாற்றினோம். மனைவி முக்காலியின்மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாள். வஜ்ஜிரம் இளகி, பூவரசங்கால்கள் துளையிலிருந்து கழன்று வந்தன. ஊர் நாய்கள் மறுபடியும் வந்தன. அதே துளைகளில் வேங்கைக்கால்களை இறக்கி ஆப்பு அடித்தேன். கழற்றின குட்டைக்கால்களை வீணாக்கவில்லை. கால் வைத்துக்கொள்ளக் குறுக்குச் சட்டமாகக் கொடுத்துவிட்டேன். இருக்கையில் மூன்று துளைதான் இருந்தது. ஆகவே நாலாவது வேங்கைச் சட்டம் மிச்சம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முக்காலி எழுந்து நின்றது. பாய் ஏறி உட்கார்ந்தார். கையைக் காற்றில் நீட்டி, இல்லாத தோல் ஒன்றை விரித்து, கட்டைவிரலால் தடவினார். மூன்றாம் தரம் என்று சொல்லி என் பக்கமாக வீசினார்.

மறுநாள் காலையில் நானும் இன்னொரு ஆளும் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலுக்கடியில் வைத்தோம். கல் தரையில் அது ஆடவே இல்லை. ஏஜெண்டுக்குப் போட்ட நாலுகால் நாற்காலிதான், அவர் குனிந்தால் ஒரு பக்கம், நிமிர்ந்தால் ஒரு பக்கம் என்று டக்டக்கென்று தாளம் போட்டது. பாய் காலைக் குறுக்குச் சட்டத்தில் வைத்துக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தார். நான் ஒரே பேலுக்கு மறுபடி மறுபடி முத்திரை குத்திக்கொண்டு அதையே பார்த்தேன். அந்தப் பேல் எந்தக் கப்பலுக்குப் போயிருக்குமோ, கடவுளுக்குத்தான் தெரியும். ஏஜெண்டு குவியல்களிலிருந்து சில தோல்களை உருவி எடுத்து, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தார். திரும்பி வந்து எந்தக் குவியலிலிருந்து எடுத்தாரோ அதிலேயே போட்டார். அவர் போன பிறகு முதலாளி முக்காலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நீயா செய்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம்பவில்லை. ஆனால் பாய் உட்கார்ந்தே பிரிக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பேரணாம்பட்டுக்கு ஆள் அனுப்பவில்லை.

மிச்சமிருந்த ஒற்றைச் சட்டத்தை மனைவி துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்து வைத்தாள். அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிறவர்கள், உன் பாத்திர ஸ்டாண்டு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டால், அவள் முகம் மாறாமல் ஒரே பதில்தான் சொல்வாள்.

"ஒண்ணே கால் வந்துருக்குது. மீதி ரெண்டே முக்கால் வரணும்."

அந்த ரெண்டே முக்கால் வர ரொம்ப காலம் ஆயிற்று. வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் எங்கள் சமையலறையில் அது இருக்கிறது. ஒரு காலுக்கு அடியில் மட்டும் இரண்டு மடிப்புத் தோல் துண்டு வைத்திருக்கிறோம், ஆடாமல் இருக்க. நல்ல தோல், முதல் தரம். பாய் பொறுக்கிக் கொடுத்தது.

இப்போது ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது. கடைத்தெருவில் ஒருவர் மோட்டார் வைத்து மரம் அறுக்கிறார். மாம்பலகையானாலும் வேங்கையானாலும் ஒரே வேகம். மோட்டாருக்குக் கோபமும் வருவதில்லை, கல்யாண வீட்டு ஞாபகமும் வருவதில்லை. நான் அங்கே போய் நின்று பார்த்தேன். எனக்கு என்னவோ ருசிக்கவில்லை. எங்கள் சாணைச் சக்கரம் வேப்பமரத்தடியில்தான் இருக்கிறது. அதன்மேல் சுரைக்கொடி ஏறியிருக்கிறது. மனைவிக்கு முழங்கால் வலி. ஆனாலும் வாசற்படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கும்போது அவளுடைய வலது பாதம் தானாக மேலும் கீழும் ஆடும். அவளுக்கே அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை, சொன்னால் நிறுத்திவிடுவாள்.

போன மாதம் எனக்கு ஒரு வேகம் வந்தது. இத்தனை வருஷத்தில் நானும் நாலு சாமான் செய்து கொஞ்சம் கை பழகிவிட்டேன். சும்மா சொல்லவில்லை, பாத்திர ஸ்டாண்டை வேண்டுமானால் வந்து பாருங்கள். பாயின் முக்காலியோ வியர்வையிலும் தோல் எண்ணெயிலும் கறுத்து, இருக்கை நடுவில் குழிந்துபோயிருந்தது. ஜன்னலுக்கடியில் அவர் வேலையாக இருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். பாய், இப்போ எனக்குத் தொழில் நன்றாகப் பிடிபட்டுவிட்டது, முதுகுக்குச் சாய்மானம் வைத்து, நாலு காலோடு, ராஜா மாதிரி உட்கார ஒன்று புதிதாகச் செய்து தரட்டுமா என்று கேட்டேன்.

பாய் விரித்த தோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, அதை முதல் தரத்தில் வீசிவிட்டு, அடுத்ததை இழுத்துக்கொண்டே சொன்னார்:

"மூணே கால் போதும்."